ருஸ்தாவியில் வாங்கிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை. ருஸ்தாவி கார்ச் சந்தை.
விற்கிறவர் தெங்கிஸ்.
பேசுவதெல்லாம் என் தம்பி மல்ஹாஸோடு.
தம்பிக்குத் தெரிந்தது கிளட்ச் இல்லாத பிரியஸ்.
தலையாட்டுகிறான்,
டயரை ஓர் உதை உதைக்கிறான்,
அதற்குமேல் அவனிடம் சரக்கில்லை.

நான் கால்நடை வைத்தியர்.
ட்ரூசோ பள்ளத்தாக்கில் ஆடு ஈனும் மாதம்
ஓர் ஆட்டோமேட்டிக் ஜீப்
தானாக யோசித்து
தானாகச் சறுக்கி
தானாக ஆற்றில் இறங்கியதைக்
கண்ணால் கண்டவள்.
எனக்குக் கையால் போடுகிற கியர் வேண்டும்.
தப்பு நடந்தால் என் தப்பாக இருக்கட்டும்.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பதினான்காயிரம் லரி கேட்கிற மாட்டை?

பானட்டைத் திறந்தேன்.
கோட்டோடு தரையில் படுத்து அடிவயிற்றைத் தட்டினேன்.
துரு உண்டு, ஓட்டை இல்லை.
புகைக்குழாயில் விரல் விட்டு மோந்து பார்த்தேன்
(தம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்).
மீட்டர் சொன்னது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
கிளட்ச் மிதியின் ரப்பர் வேறு கதை சொன்னது,
நடுவில் இரும்பு பல்லிளிக்க.
பிரேக் மிதியோ
வரி அழியாமல், நேற்றுப் பூட்டியதுபோல்.

யாரோ ஒருவர்
இந்த பஜேரோவை
எத்தனையோ பனிக்காலம்
பிரேக்கை நம்பாமல்
கியரில் இழுத்துப் பிடித்தே
மலையிறக்கியிருக்கிறார்.

ஓட்டும் இருக்கையில் ஏறினேன்.
முன்னே இழுக்கவில்லை, பின்னே தள்ளவில்லை.
கால் நேராகக் கிளட்சில் போய் உட்கார்ந்தது.
தெங்கிஸ் ஆறடிக்கு மேல்.
"என் சொந்த வண்டி, ஒரே கை" என்று
தம்பியின் தோளைப் பிடித்துச்
சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

வெயில் மறைப்பை இறக்கினால்
நாலாக மடித்த காகிதம்.
நீல பேனா.
'இரண்டாவது மாட்டும். மல்லுக்கட்டாதே.
நியூட்ரலில் ஒரு மூச்சுப் பொறு, பிறகு போடு.
குளிரில் இரண்டு மூச்சு.'
எழுதியவர் பெயர் இல்லை.
யாருக்கென்றும் இல்லை.

விரித்து நீட்டினேன்.
தெங்கிஸ் முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்தார்.
பன்னிரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்கினார்,
இரண்டாவது கியர் இல்லாமலே.
யார் எழுதியது என்று கேட்டேன்.
நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜ்வாரி கணவாய்க்கு முன்பே இருட்டிவிட்டது.
பனி கிடையாகப் பெய்தது.
எல்லைக்குப் போகும் சரக்கு வண்டிகள்
ஓரமாய் ஒன்றன்பின் ஒன்றாக உறங்கின.
வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு.
கம்பு அடம்பிடித்தது.
பொறுத்தேன்.
குளிர்தானே, இன்னொன்றும்.

கிளக்.

"யாரோடு பேசுகிறாய்?" என்றான் மல்ஹாஸ்.
"பேசவில்லையே, மூச்சுவிட்டேன்."
பாதி வழியில் தூங்கிப்போனான்.
பிரேக்கைத் தொடாமல் இறக்கினேன்.
இருக்கை அவளுடைய உயரம், என்னுடைய உயரம்.
அவள் என்று நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் சந்துக்குள் திரும்பினால்
எதிரே நுக்ஸாரின் வைக்கோல் டிராக்டர்.
ஒருவர் பின்வாங்க வேண்டும்.
டிராக்டர் வாங்காது.
குமிழில் இருந்த கியர்ப் படம் தேய்ந்து மொட்டை.
வலது கீழே போட்டேன், இல்லை.
இடது மேலே, இல்லை.
அழுத்திப் போட்டேன். தூக்கிப் போட்டேன்.
கம்பு கஞ்சிக்குள் விட்ட கரண்டிபோல் சுற்றியது.
எண்ணெய், துரு, புகை எல்லாம் பார்த்தவள்
இதை மட்டும் பார்க்கவில்லை.

விளக்கைப் போட்டு
சீட்டை இரண்டு பக்கமும் புரட்டினேன்.
பின்னால் போவதைப் பற்றி
அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

முன்னால் நின்று நாலு பேர் தள்ளினார்கள்.
நுக்ஸார் சிரித்த சிரிப்பில்
தெருநாய்கள் எழுந்து உட்கார்ந்தன.
"பன்னிரண்டாயிரமா?" என்றார்.
"இருநூறும்" என்றான் தம்பி, அந்தப் பாவி.

விடியுமுன் ட்ரூசோவிலிருந்து போன்.
முதல் ஈற்று, குட்டி குறுக்கே கிடக்கிறதாம்.
வண்டி மலையைப் பார்த்தபடியே நின்றது.
கையுறை, கயிறு, சோப்பு.
சாவி.